காரணம் தெரிந்தால்தான் மனம் ஆறும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பதவி உயர்வு கை நழுவினால் மனம் ஆற வழி பொறுத்திருப்பதா, காரணம் கேட்பதா?' காரணம் கேட்பதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்றார். பொறுமை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். எதற்காகப் பொறுக்கிறோம் என்றே தெரியாமல் எப்படி ஐயா பொறுப்பது?

அலுவலகத்தில் நடப்பதைப் பாருங்கள். மத்தியானம் ஆர்டர் வருகிறது. நம் பெயர் இல்லை. நாம் வேலை கற்றுக்கொடுத்த தம்பியின் பெயர் இருக்கிறது. சாயங்காலம் அவரே ஸ்வீட் பாக்ஸோடு நம் மேசைக்கு வந்து, "அண்ணே, எடுத்துக்குங்க" என்கிறார், நம் முகத்தைப் பார்க்காமலே. மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறோம். அந்தப் பிள்ளை மேல் நமக்கு ஒரு கோபமும் இல்லை. வீட்டுக்கு வந்தால், "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்க?" "ஒண்ணுமில்ல." ராத்திரிதான் ஆரம்பிக்கிறது. போன வருஷம் லீவு எடுத்தது காரணமா? மீட்டிங்கில் எதிர்த்துப் பேசியதா? யாராவது போட்டுக் கொடுத்தார்களா? கிடைக்காத பதவியைவிட இந்தக் கேள்விகள்தான் ஆளை அரிக்கின்றன. இதைப் பொறுத்துக்கொண்டு எத்தனை வருஷம் தூங்காமல் இருப்பது?

சி.பி. முத்தம்மாவை நினைத்துப் பாருங்கள். குடகில் பிறந்து சென்னையில் படித்தவர். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண். அவருக்கே மேல்நிலைப் பதவி மறுக்கப்பட்டது. வாய்மூடி இருந்திருக்கலாம். பெண் என்பதால் ஒதுக்கினார்களா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டார். வழக்கு நடக்கும்போதே உயர்வு வந்தது. அதைவிடப் பெரிது, பெண் அதிகாரி கல்யாணம் செய்ய அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி அம்பலமானது. 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கடுமையாகச் சாடினார். முத்தம்மா பொறுத்திருந்தால், பின்னால் வந்த பெண்களும் அதே விதியின் கீழ்தான் பொறுத்திருக்க வேண்டும்.

உடனே கோர்ட்டுக்குப் போ என்று சொல்கிறேனா? இல்லை. முதல் கொதிப்பு அடங்கட்டும். பிறகு மேலதிகாரியிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். "அவருக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள். "என்னிடம் எது குறைகிறது? அடுத்த முறைக்குள் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். அவர் சொன்னதை அன்றே மெயிலில் எழுதி அவருக்கே அனுப்பிவையுங்கள். குறை நம்முடையதாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். அரசு ஊழியருக்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மனுவுக்கு 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

"கேட்டும் கிடைக்காவிட்டால்?" என்று எதிரணிச் சகோதரி கேட்டார். தேவ் தத் என்ற பொறியாளரின் வழக்கைச் சொல்கிறேன். எல்லைச் சாலைப் பணியில் இருந்தவர். மேலதிகாரிகள் ஆண்டுதோறும் ஊழியரைப் பற்றி எழுதும் குறிப்பேட்டில், பதவி உயர்வுக்கு முந்தைய ஐந்தாண்டும் 'மிக நன்று' வேண்டும். ஓர் ஆண்டு மட்டும் 'நன்று' என்று எழுதிவிட்டார்கள். எழுதியதை அவரிடம் சொல்லவே இல்லை. அந்த ஒரு சொல்லால் அவர் பெயர் பரிசீலனைக்கே போகவில்லை. 2008இல் உச்ச நீதிமன்றம், குறிப்பேட்டில் எழுதும் ஒவ்வொரு மதிப்பீட்டையும் ஊழியரிடம் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் நீதிமன்றம் விடவில்லை: அவரிடம் தெரிவியுங்கள், அவர் மறுப்பைக் கேளுங்கள், மதிப்பீடு உயர்ந்தால் பதவி உயர்வைப் பரிசீலியுங்கள், கிடைத்தால் ஓய்வூதியத்தைத் திருத்தி நிலுவையை 8 சதவீத வட்டியோடு கொடுங்கள் என்றது. சகோதரிக்கு என் பதில் இதுதான். வணக்கம்.