மலையடிவாரத்தில் மானிடவியல் படிப்பு வேண்டும்

அனைவருக்கும் என் அன்பான வணக்கம்.

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, என்னை இங்கே அழைத்துவந்த வரலாற்றுத் துறைத் தலைவர் ஐயா அவர்களே, முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் அவர்களே, சேந்தமங்கலத்திலிருந்து வந்திருக்கும் நூலகர் அவர்களே, பேராசிரியர்களே, மாணவ மாணவிகளே! முதல்வர் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து வந்த மாணவிகளுக்கு விடுதியில் இடம் போதவில்லை என்று தெரிந்ததும், ஒரே வாரத்தில் இரண்டு அறைகளை ஒழித்துக் கொடுத்தவர் அவர். சங்கத் தலைவர் இன்று மதிய உணவுச் செலவை ஏற்றிருக்கிறார். நூலகர் எனக்குப் பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் கொடுத்தார், அதற்குத் தனி நன்றி. எல்லாருக்கும் மேலாக, கொல்லிமலைப் பள்ளிகளிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களை வணங்குகிறேன். இன்றைய பேச்சு உங்கள் பிள்ளைகளைப் பற்றியது.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'பட்டப்படிப்பாக மானிடவியல்'. மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்தேன். இந்தப் படிப்பில் என்ன இருக்கிறது என்பது ஒன்று. படித்தால் என்ன வேலை என்பது இரண்டு. இளங்கலையிலேயே படிக்க வேண்டுமா, முதுகலையில் போதாதா என்பது மூன்று.

மனிதனை முழுதாகப் படிப்பது மானிடவியல். எலும்பையும் மரபணுவையும் பார்ப்பது உடல்சார் மானிடவியல். உறவுமுறை, சடங்கு, சாப்பாடு, சந்தை என்று வாழ்க்கையைப் பார்ப்பது சமூகப் பண்பாட்டு மானிடவியல். தொல்லியலும் மொழியியலும் இதன் மற்ற இரண்டு கைகள். ஆதிச்சநல்லூர்த் தாழியில் கிடைத்த மண்டையோடும், உசிலம்பட்டிப் பக்கம் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் குழு எடுத்த ரத்த மாதிரியில் தெரிந்த பழைய மரபணுக் குறியும், தோடர்களின் பாட்டும் ஒரே பாடத்திட்டத்துக்குள் வரும். இந்தியாவில் இதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1920-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் முதுகலைத் துறையைத் தொடங்கியபோது அங்கே பாடம் நடத்தப் போனவர்களில் ஒருவர் பாலக்காட்டுக்காரரான அனந்தகிருஷ்ண அய்யர். இன்று டெல்லிப் பல்கலைக்கழகத்தில் இது பி.எஸ்சி. ஹானர்ஸ் படிப்பு. நம் மாவட்டத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு படிப்பு இருப்பதே தெரியாது. எனக்கும் இளங்கலை முடிக்கும் வரை தெரியாது.

நான் அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. இந்தப் படிப்பின் உயிர் களப்பணி. அதைப் புத்தகத்தில் படித்து நான் கற்றுக்கொள்ளவில்லை, ஓர் ஆயா எனக்குக் கற்றுக்கொடுத்தார். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, முதுகலை மாணவன். இதோ ஜன்னலில் தெரிகிறதே, அந்தக் கொல்லிமலைக்குத்தான் களப்பணிக்குப் போனேன். சாமை அறுத்து முடித்திருந்த சமயம். வீட்டுக்கு ஒரு தாள், தாளுக்கு 84 கேள்விகள். ஒரு நாளைக்கு எட்டு வீடு, பத்து நாளில் ஊரை முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. முதல் வீட்டுத் திண்ணையில் ஓர் ஆயா முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு கேள்வி கேட்டால் அவர் ஒன்று கேட்பார். "வீட்டுல எத்தனை பேரு ஆயா?" என்றால், "உங்க வூட்டுல எத்தன பேரு கண்ணு?" என்பார். "நிலம் எவ்வளவு?" என்றால், "உங்கப்பாருக்கு எவ்வளவு?" என்பார். ஒரு மணி நேரத்தில் என் அம்மாவின் மூட்டுவலி முதல் அக்கா கல்யாணக் கடன் வரை அவருக்குத் தெரிந்துவிட்டது. என் தாளில் ஒன்பது கேள்விகள்தான் நிரம்பியிருந்தன.

அப்புறம் கேட்டேன், "உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை ஆயா?" "ஆறு" என்றார். அந்த வீட்டில் நான் பார்த்தது மூன்று பேர். கட்டிக்கொடுத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்து, "மத்த மூணு பேரு எங்க இருக்காங்க?" என்றேன். ஆயா முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் அழைத்துப் போனார். பலாமரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சரிவைக் காட்டி, "அந்தா, அங்க இருக்காங்க" என்றார்.

திண்ணைக்குத் திரும்பி வந்தோம். என் தாளில் 'உயிருடன் உள்ள குழந்தைகள்' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. அதில் 3 என்று எழுதினேன். ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னன்னு எழுதின?" என்று கேட்டார். "மூணுன்னு" என்றேன். "உன் காயிதத்துல செத்துப்போச்சா? எனக்கு இன்னும் சாகலையே கண்ணு. ஆறுன்னு எழுது" என்றார்.

ஆறு என்று எழுதினேன். மறுநாள் தாள்களைப் பையில் வைத்துவிட்டு அவரோடு களத்துக்குப் போய்ச் சாமை வைக்கோல் அள்ளினேன், சாமையை வள்ளத்தால் அளந்து கொட்டினேன். நாலாவது நாள் அவராகவே பேசினார். ஒரு பிள்ளை காய்ச்சலில் போனது. ஒன்றை மழைக்கால இரவில் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு இறங்கியபோது பாதி வழியில் போனது. மூன்றாவதைப் பற்றி அவர் சொன்னதை நான் எங்கேயும் எழுதவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. அந்த ஊருக்குச் சாலை இல்லாததும், மருத்துவர் இல்லாததும், கடன் வந்த வழியும் எல்லாமே அந்தக் கட்டத்தில் இடமில்லாமல் போன மூன்று பிள்ளைகளுக்குள் இருந்தன. பத்து நாளில் முடிப்பதாகப் போனவன் நாற்பது நாள் இருந்தேன்.

மாணவர்களே, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் சொல்வது இதைத்தான்.

சரி, வேலை. குடிமைப் பணித் தேர்வில் மானிடவியல் விருப்பப் பாடம், இரண்டு தாள்கள், 500 மதிப்பெண். பயிற்சி மையங்களில் இதற்குக் கூட்டம் அலைமோதுகிறது. இந்திய மானிடவியல் அளவாய்வு நிறுவனம் 1945-இல் தொடங்கியது, அதன் தென்மண்டல மையம் மைசூரில் இருக்கிறது. அருங்காட்சியகம், பொதுச் சுகாதாரம், தொண்டு நிறுவனங்கள் என்று இன்னும் இடங்கள் உண்டு. ஆனால் என் மனதில் இருக்கும் வேலை வேறு.

1901, 1902-இல் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்தார். குடும்பம் குடும்பமாக வம்சாவளியைக் கேட்டு வரைந்தார். அந்த வம்சாவளி முறை இன்றும் மானிடவியல் மாணவருக்கு அரிச்சுவடிப் பாடம். இப்போது, காட்டில் காலங்காலமாக வாழ்வோரின் உரிமையை ஏற்கும் 2006 வன உரிமைச் சட்டத்துக்கு வாருங்கள். அதன் விதிகளில், உரிமை கோருவோர் காட்டக்கூடிய சான்றுகளில் வம்சாவளியும் ஒன்று, ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிக் கொடுப்பதும் ஒன்று. இந்த இரண்டையும் முறையாகச் செய்யத் தெரிந்த இளைஞர் ஊருக்கு இரண்டு பேர் இருந்தால் எத்தனை மனுக்கள் தள்ளுபடி ஆகாமல் பிழைத்திருக்கும்!

இன்னொன்று. இந்த மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடிகள், கேரளத்து மலையாளிகள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகளின் வழி என்று தங்கள் கதையைச் சொல்வார்கள். சேலம், திருச்சி, தருமபுரி என்று பழங்குடியினர் பட்டியலில் மாவட்டம் குறித்து எழுதியிருப்பதால் இங்கே அவர்கள் பழங்குடியினர். ஈரோடு மாவட்டத்து மலைகளில் இருக்கும் அதே மக்கள் பட்டியலில் இல்லை, பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பட்டியலில் சேர்க்க இனவரைவியல் அறிக்கை, அதாவது அந்த மக்களின் வாழ்க்கைமுறையை விவரிக்கும் அறிக்கை வேண்டும். சாதிச் சான்றிதழில் சந்தேகம் வந்தாலும் அப்படித்தான். 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன நடைமுறையில் சடங்கும் வழக்கமும் கேட்டு விசாரிக்கிறார்கள். கேட்பவர் யார்? அந்த மக்களோடு ஒருநாளும் உட்கார்ந்து சாப்பிடாதவர் 84 கேள்விகளோடு வந்து கேட்டால் என்ன பதில் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். நானே அப்படிப் போனவன்.

முதுகலையில் போதாதா என்ற மூன்றாவது கேள்விக்கு என் பதில், போதாது. ஆகவே என் கோரிக்கை இதுதான். இந்தக் கல்லூரியில் மானிடவியல் இளங்கலை தொடங்க வேண்டும், தமிழ் வழியில் தொடங்க வேண்டும். தமிழில் நூல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். பக்தவத்சல பாரதி அவர்கள் 'பண்பாட்டு மானிடவியல்' எழுதி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, உண்மை. ஆனால் நம் பிள்ளைகளுக்குக் கொடி வீட்டுக் கூரையிலேயே படர்ந்திருக்கிறது. டெல்லி மாணவர் ரயிலேறி வந்து செய்ய வேண்டிய களப்பணியை, கொல்லிமலை மாணவி விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போதே செய்துவிடுவாள். தன் ஆயாவிடம் கேட்பாள், ஆறு என்று சரியாக எழுதுவாள்.

ஆசிரியர் பணியிடம் இரண்டு போதும், முதல் ஆண்டுக்கு. வகுப்பறைக்கு முதல்வர் அம்மா வழி செய்வார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. உயர்கல்வித் துறைக்கு அனுப்ப மனு தயாராக உள்ளது, வாசல் மேசையில் வைத்திருக்கிறோம். மலை ஆசிரியர்கள் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், உங்களுக்குப் பேருந்து மூன்று மணிக்கு. மற்றவர்கள் பெயரோடு ஊர்ப் பெயரையும் எழுதுங்கள். நன்றி, வணக்கம்.