அடுப்படிக்கும் கொஞ்சம் காற்று

(வேலூரில் ஒரு வாசகர் கூட்டத்தில், கத்திரி வெயில் நாளொன்றின் மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டவர்கள் அப்படியே இருங்கள். முன்வரிசை காலியாக இருந்தால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. இந்த வெயிலில் வீட்டை விட்டுக் கிளம்பி வந்திருக்கிறீர்களே, அதுவே பெரிய விஷயம்.

நம் ஊரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, மன்னன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று அடுக்குவார்கள். இதில் சாமி 1981-இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். பாலாறும் 2021 மழையில் இரு கரை தொட்டு ஓடியது, பாலத்தில் நின்று எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். மன்னன் இனி வேண்டாம். மலையில் மரம்தான் இன்னும் பாக்கி. பகலெல்லாம் காய்ந்த பாறை, ராத்திரி பத்து மணிக்கும் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சித்திரை 21-இல் கத்திரி தொடங்கி வைகாசி நடுவில் முடிந்துவிட்டால் வெயிலும் முடிந்தது என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். பஞ்சாங்கத்துக்கு அது முடிவு, வெயிலுக்கு இல்லை. சென்னையில் 45 டிகிரி அடித்தது 2003 மே 31-ஆம் தேதி. கத்திரி முடிந்த பிறகு! ஆகவே இன்றைக்கு நான் சொல்லப்போவதை ஜூன் பாதி வரைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

கோடையில் வீட்டுக்குள்ளேயே கிடைக்கிற சின்னச் சின்ன சுகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான் வந்தது. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்பவரிடம் போய் சுகத்தைப் பற்றிப் பேசினால் அந்தக் குடத்தாலேயே போடுவார். 2019 ஞாபகம் இருக்கிறதா? சென்னையின் ஏரிகள் வறண்டுபோய், ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயில் ஏற்றி அனுப்பினார்கள். ஜோலார்பேட்டை அப்போது நம் வேலூர் மாவட்டம்தான், பிரித்தது அந்த வருஷக் கடைசியில். தன் தெருக் குழாயில் தண்ணீர் வராத ஒருவர் அந்த ரயிலைப் பார்த்து என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இருந்தாலும், சுகமெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு என்று விட்டுக்கொடுத்துவிடவும் மனசு வரவில்லை. அதனால் பேச ஒப்புக்கொண்டேன். நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவள், முதலில் ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். பயப்பட வேண்டாம், சின்னக் கணக்கு.

மண்பானையில் பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி வைக்கிறீர்கள். அது பத்து டிகிரி குளிர வேண்டும். அதற்குப் பானையின் உடம்பு வழியாகக் கசிந்து எவ்வளவு தண்ணீர் ஆவியாக வேண்டும் தெரியுமா? ஒரு டம்ளர்கூட முழுசாக வேண்டாம். 170, 180 மில்லி போதும். வெளியிலிருந்து சூடு வந்து சேர்ந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் கொஞ்சம் கூடுதலாகும், சரி, இரண்டு டம்ளர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் இல்லை, சத்தம் இல்லை, இரண்டு டம்ளர் தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டு மீதியைக் குளுகுளுவென்று நாம் குடிக்கலாம்.

இதில் வேலூருக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. காற்று எவ்வளவு வறண்டிருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஈரத்தை உறிஞ்சும், பானையும் அவ்வளவு குளிரும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குக் காற்றிலேயே ஈரம். அவர்கள் வீட்டுப் பானை நம் வீட்டுப் பானை அளவுக்குக் குளிராது. நம் உதட்டை வெடிக்க வைக்கிற அதே வறண்ட காற்றுதான் நம் பானையைக் குளிர வைக்கிறது. மே மாதக் கடைசியில் சாயங்காலம் இடி இடித்து ஒரு மழை பெய்யும் பாருங்கள், மறுநாள் பானைத் தண்ணீரைத் தொட்டுப் பாருங்கள். சுமாராகத்தான் இருக்கும்.

பானை வாங்கும்போது வெளியே பளபளவென்று பெயின்ட் அடித்துப் பூ வரைந்ததை வாங்காதீர்கள். கசிய வழியில்லாமல் அடைத்த பிறகு அது மண்ணாக இருந்தால் என்ன, பிளாஸ்டிக்காக இருந்தால் என்ன? போன வருஷப் பானையில் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அதைச் செடிக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்குங்கள். நம் ஊர் உப்புத் தண்ணீர் துவாரங்களையெல்லாம் அடைத்துவிடும். அடியில் ஆற்று மணலைப் பரப்பி ஈரமாக்கி, அதன் மேல் உட்கார வையுங்கள். உள்ளே கழுவிய வெட்டிவேர் ஒரு பிடி. எல்லாவற்றையும் விட முக்கியம், காற்று போய்வருகிற இடத்தில் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் பானை எங்கே இருக்கிறது? அடுப்படி மூலையில், சுவரை ஒட்டி. அங்கே காற்றும் இல்லை, போதாததற்குப் பக்கத்தில் அடுப்பு. பாவம் பானை என்ன செய்யும்?

அந்த அடுப்படி மூலைக்குப் பிறகு வருகிறேன். இப்போது மாடிக்குப் போகலாம், வடாம் போடுகிற நாள்.

வெயிலைத் திட்டுகிற வாயாலேயே "வடாம் போட நல்ல வெயில்" என்று சொல்பவர்கள் நாம். விடியுமுன் எழுந்து கூழ் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்துவிட வேண்டும். பாத்திரத்து அடியில் ஒட்டின கூழைச் சுரண்டிச் சூடாகத் தின்பது முதல் சுகம். பச்சை மிளகாய், பெருங்காயம், எலுமிச்சைச் சாறு எல்லாம் அந்த அடிக்கூழில்தான் தூக்கலாக இருக்கும். ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் காக்காய்க்குக் காவல் இருக்கிற சாக்கில் மாடிக்குப் போவோமே, அப்போது வடாம் பாதிதான் காய்ந்திருக்கும். வேட்டியிலிருந்து ஒன்றை மெல்ல உரித்தால் மேல்தோல் தோல்போல இழுக்கும், உள்ளே இன்னும் ஈரம். வெயிலின் சூட்டோடு, உப்பும் புளிப்புமாகப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். எந்தக் கடையிலும் அதை வாங்க முடியாது. பாதி காய்ந்த வடாமை யாரும் பாக்கெட் போட்டு விற்க மாட்டார்கள், மறுநாளே பூஞ்சை பிடித்துவிடும். கருப்புக் குடையை விரித்து வைத்தால் காக்காய் வராது என்பார்கள். வீட்டுப் பிள்ளைகளை எந்தக் குடையும் தடுத்ததாகத் தெரியவில்லை. கால் கிலோ வடாம் டப்பாவுக்கே வந்து சேராது. வந்து சேராவிட்டால் போகட்டும்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நுங்கில் கட்டை விரலை விட்டால் சட்டையில் பீய்ச்சி அடிக்கும், அந்தத் தண்ணீரையே வேர்க்குருவில் தடவிக்கொள்ளலாம். மாம்பழத்தை ஒரு மணி நேரம் தண்ணீரில் போட்டு வைத்துத் தின்ன வேண்டும். நீலம் வந்துவிட்டதென்றால் மாம்பழக் காலம் முடியப்போகிறது என்று பொருள், கொட்டைக்குள் வண்டு இருந்தால் சத்தம் போடாமல் தூக்கிப் போட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மல்லிகை கொட்டிக் கிடக்கிற காலம் இது. கல்யாணம் இல்லாத நாளாகப் பார்த்து வாங்கினால் விலை படியும். கேழ்வரகுக் கூழைப் பற்றி வட ஆற்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித் தரப் போவதில்லை. ராத்திரி கரைத்துப் புளிக்க வைத்த மாவு, காலையில் நொய்யோடு வெந்து, மோரில் கரைந்து, கூட ஒரு மோர்மிளகாய். தள்ளுவண்டியில் நின்று குடிப்பதும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வீட்டில் குடித்தால் உடனே கண்ணை மூடிப் படுக்கலாம்.

சரி, இப்போது அடுப்படி மூலைக்கு வருவோம்.

இதுவரை சொன்ன சுகங்களில் ஒன்றையாவது யாரோ ஒருவர் அடுப்பு முன்னால் நிற்காமல் நாம் அனுபவிக்க முடியுமா? நுங்கை விட்டுவிடுங்கள். வடாம் கூழைக் கிண்டுவது யார்? கை ஓயாமல் கிண்ட வேண்டும், விட்டால் கட்டி தட்டும். பகல் ஒரு மணிக்குக் கூடத்தில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே படுத்திருக்கும்போது, அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பது யார்? அந்த அறையில் மின்விசிறி இருந்தாலும் போட முடியாது. கேஸ் அடுப்பு அலையும், அணையும். வீட்டிலேயே சூடான அறை, அதில் மட்டும் காற்று கூடாது. நம் மாவட்டத்தில் பீடி சுற்றும் வீடுகளிலும் இதே கதைதான். விசிறி போட்டால் தூள் பறக்கும் என்று நிறுத்திவிட்டு, வேர்வை வழிய மடியில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதனால் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, இதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். கோடையில் ஒரு வீடு சுகமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் கூடத்தைப் பார்க்காதீர்கள், பகல் ஒரு மணிக்கு அடுப்படியில் போய்ப் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியவில்லை என்றால் உங்கள் வீட்டில் சுகம் இல்லை, ஒருவருடைய வேர்வையில் மற்றவர்கள் இளைப்பாறுகிறார்கள். அவ்வளவுதான்.

இதை மாற்றப் பணம் வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும். காலை எட்டு மணிக்குள் அடுப்பு வேலை முடிந்துவிட வேண்டும். பகலுக்குச் சாதம், மோர், ஊறுகாய், வெள்ளரிப்பிஞ்சு. பழைய சோறு இருந்தால் இன்னும் உத்தமம், சின்ன வெங்காயத்தை நசுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். "சூடாக இல்லையே" என்று கேட்கிறவர்கள் வெளியே போய்த் திண்ணையில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரட்டும், சூடு தானாக வரும். பொரிப்பதும் வறுப்பதும் மழை பெய்கிற நாளுக்கு. விருந்தாளி வந்தால்? வெயில் காலத்தில் வருகிற விருந்தாளிக்குப் பாயசத்தைவிடப் பானகம் பிடிக்கும், வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள். பானையை அடுப்படி மூலையிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள், ஆனால் சமைக்கிறவர் கை எட்டுகிற ஜன்னலாக இருக்கட்டும்.

அடுத்தது மொட்டை மாடி. ராத்திரி தூக்கம் கெடுவதற்குக் காரணம் வெளியே அடிக்கிற காற்று மட்டுமல்ல, தலைக்கு மேல் இருக்கிற தளம். பகலெல்லாம் வாங்கின சூட்டைக் கான்கிரீட் ராத்திரியில்தான் கீழே இறக்கும். வெள்ளைச் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து மாடித் தரையில் இரண்டு பூச்சு அடியுங்கள். முதலில் பாதித் தரைக்கு மட்டும் அடித்துவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்குச் செருப்பில்லாமல் இரண்டு பக்கமும் கால் வைத்துப் பாருங்கள். அடிக்காத பக்கத்தில் நிற்க முடியாமல் துள்ளுவீர்கள். தண்ணீர் இருக்கிற வீடு என்றால் சாயங்காலம் தெளிக்கலாம், குளித்த தண்ணீர், துணி அலசின தண்ணீர் போதும். தண்ணீர்ப் பஞ்சத்தில் நல்ல தண்ணீரை மாடிக்குக் கொட்டாதீர்கள்.

மின்விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறி உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கவும் செய்யும் என்று உலக சுகாதார நிறுவனமே எச்சரிக்கிறது. நம் ஊரில் 40 என்பது அபூர்வமல்ல. அப்போது ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொள்ளுங்கள், பானை செய்கிற வேலையை உங்கள் உடம்பே செய்யும். வயதானவர்கள் தாகம் எடுக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். வெயிலில் போய் வந்தவர் பேச்சுக் குழறி, சம்பந்தமில்லாமல் பேசினால் மோர் கொடுத்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடம்பில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து பெரியவர் ஒருவர் எழுந்தார். "பானை, சுண்ணாம்பு எல்லாம் சரிம்மா. பையன் ஏசி வாங்கித் தர்றேங்கிறான். வாங்கலாமா கூடாதா?" என்று கேட்டார்.

தாராளமாக வாங்குங்கள் ஐயா. மகன் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும்போது வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு எனக்குப் பானை மேல் பக்தி கிடையாது. 24 டிகிரியில் வைத்துக்கொண்டு விசிறியையும் மெல்லச் சுழல விடுங்கள், கரண்ட் பில் அடங்கும். எந்த அறையில் மாட்டுவது என்பதை மட்டும் நீங்களும் மகனும் முடிவு செய்யாதீர்கள். வீட்டில் சமைக்கிறவரைக் கேளுங்கள். அவர் பகலில் எங்கே படுக்கிறார் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள், உங்களுக்கு இதுவரை தெரியாமலும் இருக்கலாம்.

நேரமாகிவிட்டது. பின்பக்கம் நீர்மோர் வைத்திருக்கிறார்கள், கொத்தமல்லி, இஞ்சி எல்லாம் தட்டிப் போட்டிருக்கிறது. டம்ளர் கொஞ்சம் குறைவு. குடித்தவர்கள் கழுவி வைத்துவிடுங்கள், ஐயா, நீங்களும்தான்.