ஸ்கிரிப்டை அனுப்பினால் ஏன் யாரும் படிப்பதில்லை? ஒரு நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. கொஞ்சம் நீளமானது, சுருக்கி வாசிக்கிறேன். "மூன்று வருடத்தில் இரண்டு திரைக்கதை முழுதாக எழுதி முடித்திருக்கிறேன். இயக்குநர்கள், தயாரிப்பு நிறுவனங்கள் என்று நாற்பது பேருக்கு மேல் மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். இரண்டே இரண்டு பதில்தான் வந்தது. ஒரு நிறுவனம் ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னது, பயந்துபோய் விட்டுவிட்டேன். ஒரு இணை இயக்குநர் 'படிக்கிறேன்' என்றார், ஐந்து மாதமாகச் சத்தமே இல்லை. கதையைத் திருடிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன தப்பு செய்கிறேன்?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இரண்டு ஸ்கிரிப்டைக் கடைசிப் பக்கம் வரை கொண்டுபோயிருக்கிறீர்கள். எழுத வேண்டும் என்று சொல்கிறவர்களில் பெரும்பாலானோர் முப்பதாவது பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதனால் வேலையின் கஷ்டமான பாதி உங்களுக்கு முடிந்துவிட்டது. பாக்கி இருப்பது, அதைப் படிக்கிற ஆள் யார், அவர் எந்த நிலைமையில் உட்கார்ந்து படிக்கிறார் என்று புரிந்துகொள்வது.

நான் ஒரு தயாரிப்பு நிறுவனத்துக்கு இரண்டு வருடம் ஸ்கிரிப்ட் படித்துக் கொடுக்கிற வேலை பார்த்தவன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறேழு ஸ்கிரிப்டைக் கையில் கொடுப்பார்கள், திங்கட்கிழமை காலையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ரிப்போர்ட் மேஜையில் இருக்க வேண்டும். தொழிலில் இதைக் கவரேஜ் என்பார்கள். மேலே தலைப்பு, பக்க எண்ணிக்கை, எந்த வகைப் படம், கதை ஒரு வாக்கியத்தில். அப்புறம் ஒன்றரைப் பக்கத்துக்குக் கதைச்சுருக்கம், அப்புறம் என் கருத்து. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை: பாஸ், கன்சிடர், ரெகமெண்ட், இந்த மூன்றில் ஒன்று. பாஸ் என்றால் தேர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், 'நமக்கு வேண்டாம்' என்று அர்த்தம். கன்சிடர் என்றால் 'யோசிக்கலாம்', ரெகமெண்ட் என்றால் 'நீங்களே படித்துப் பாருங்கள்'. வருகிறதில் மிகப் பெரும்பாலானவை பாஸ்தான்.

ரெகமெண்ட் என்று எழுதுவதற்கு முன்னால் நான் ரொம்ப யோசிப்பேன். அதை எழுதினால் எனக்கு மேலே இருக்கிறவர் தன் வீட்டு நேரத்தில் இரண்டு மணி நேரத்தை அந்த ஸ்கிரிப்டுக்குக் கொடுக்க வேண்டும். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த தடவை என் பேச்சுக்கு மதிப்பு குறையும். அவருக்குப் பிடித்திருந்தாலும் அவர் இன்னொருவரிடம் போய் இதே மாதிரி தன் பெயரைப் பணயம் வைத்துச் சொல்ல வேண்டும், அந்த இன்னொருவர் பணம் போடுகிறவரிடம் சொல்ல வேண்டும். ஆக உங்கள் ஸ்கிரிப்ட் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு, வாய்வார்த்தையோடுதான் நகர்கிறது. நீங்கள் அந்த அறையில் இருக்கப்போவதில்லை. 'இதைப் படியுங்கள்' என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும்போது, 'அப்படி என்ன இருக்கிறது அதில்?' என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவர் வாயில் ஒரு பதிலை நீங்கள் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். உங்கள் நாற்பது மின்னஞ்சலிலும் அது இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் பிளாக் லிஸ்ட். 2005ல் ஹாலிவுட்டில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபிராங்க்ளின் லெனார்ட், தன்னைப் போலவே ஸ்கிரிப்ட் படித்துத் தேர்ந்தெடுக்கிற வேலையில் இருந்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இந்த வருடம் நீங்கள் படித்ததில் ரொம்பப் பிடித்தது, ஆனால் இன்னும் படமாகாதது எது, சொல்லுங்கள் என்று. வந்த பதில்களைத் தொகுத்து, அதிகம் பேர் சொன்னதை மேலே வைத்துத் திருப்பி அனுப்பினார். அவ்வளவுதான். அந்த முதல் பட்டியலில் இருந்த 'ஜூனோ', 2008 ஆஸ்கர் விழாவில் சிறந்த அசல் திரைக்கதை விருது வாங்கியது. யோசித்துப் பாருங்கள், அந்த ஸ்கிரிப்டுகள் எல்லாம் ஏற்கெனவே சுற்றிக்கொண்டுதான் இருந்தன. 'எனக்கும் இது பிடித்தது' என்று நிறைய பேர் ஒரே இடத்தில் சொன்னதும் அதற்கு ஒரு பலம் வந்துவிட்டது. 2012ல் அதே பெயரில் ஒரு இணையதளமும் வந்தது. அதில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி ஸ்கிரிப்டைப் போடலாம், மதிப்பீடும் வாங்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியோடு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் நகலையும் வைத்திருந்தீர்கள், நன்றி. அதில் கதையைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது: 'உறவுகளின் அருமையைச் சொல்லும், யாரும் சொல்லாத உணர்ச்சிகரமான கதை.' இதை வைத்து நான் என் மேலதிகாரியிடம் என்ன சொல்வேன்? இது ஆயிரம் படத்துக்குப் பொருந்தும். இப்போதைக்கு நானே ஒன்று யோசித்துச் சொல்கிறேன், எடுத்துக்காட்டுக்குத்தான்: 'நீதிமன்றத்தில் சைகைமொழி பெயர்ப்பாளராக இருக்கும் ஒரு பெண், கொலை வழக்கில் பேச இயலாத ஒரு சிறுவனின் சாட்சியத்தை மொழிபெயர்க்கிறாள். அவன் கை அடையாளம் காட்டுவது அவளுடைய சொந்தத் தம்பியை என்பது அந்த அறையில் அவள் ஒருத்திக்கு மட்டும் புரிகிறது.' இதைக் கேட்டவுடன் அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று மனசு போகிறது இல்லையா? யார், அவருக்கு என்ன சிக்கல், ஏன் அதிலிருந்து சுலபமாக வெளியே வர முடியாது, மூன்றும் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட்டது. லாக்லைன் என்பது இதுதான். நல்ல கதை, அருமையான கதை என்று நாமே சொல்லிக்கொள்கிற இடம் அது அல்ல.

இதில் இன்னொரு பயன் இருக்கிறது. எவ்வளவு முயன்றாலும் இரண்டு வாக்கியத்தில் வரவில்லை என்றால், பெரும்பாலும் ஸ்கிரிப்டிலேயே அந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாகவில்லை என்று அர்த்தம். அப்போது மின்னஞ்சலை நிறுத்திவிட்டு ஸ்கிரிப்டுக்குத் திரும்புங்கள். நாட்கள் வீணாகிறதே என்று தோன்றும். பரவாயில்லை.

அப்புறம், கேட்காமல் ஸ்கிரிப்டை இணைத்து அனுப்பாதீர்கள். பல நிறுவனங்களில் கேட்காமல் வந்த ஸ்கிரிப்டைத் திறக்கவே கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள், காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். முதல் மின்னஞ்சல் ஐந்தாறு வரி போதும். நான் இன்னார், உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இது, கதை இரண்டு வாக்கியத்தில், எந்த வகை, எத்தனை பக்கம், விருப்பம் இருந்தால் அனுப்புகிறேன். அந்த 'உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம்' என்கிற வரிதான் உயிர். நாற்பது பேருக்கும் ஒரே மின்னஞ்சல் போனால் படிக்கிறவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். குறைந்த செலவில் ஒரே வீட்டுக்குள் நடக்கிற படங்களாக எடுக்கிற ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, 'என் கதையும் ஒரே வீட்டுக்குள், நான்கு பேரை வைத்து நடக்கிறது, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள். பதில் வரும் என்று உறுதி சொல்ல மாட்டேன், ஆனால் படிப்பார்.

யாருக்கு அனுப்புவது? எல்லோரும் உச்சியில் இருக்கிறவருக்கே எழுதுகிறார்கள். அவருக்குக் கையில் இருக்கிற படத்தை முடிக்கவே நேரம் இல்லை. அவர் பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கள். உதவி இயக்குநர், தயாரிப்பாளரின் உதவியாளர், ஸ்கிரிப்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர், ஒரு நல்ல குறும்படம் எடுத்துவிட்டு அடுத்தது என்ன என்று தேடிக்கொண்டிருக்கிறவர், படத்தொகுப்பாளர். 'இதை நான்தான் கண்டுபிடித்துக் கொண்டுவந்தேன்' என்று சொல்ல ஒரு நல்ல ஸ்கிரிப்ட் அவர்களுக்கும் தேவைப்படுகிறது. நான் ரெகமெண்ட் எழுதிய ஒரு ஸ்கிரிப்ட், அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற பெண் ஒருவர் மதிய இடைவேளையில் படித்துவிட்டு 'இதை மட்டும் தவறவிடாதீர்கள்' என்று என் மேஜையில் வைத்துவிட்டுப் போனது. இன்றைக்கு அவரே ஸ்கிரிப்ட் தேர்ந்தெடுக்கிற இடத்தில் இருக்கிறார். உங்களோடு சேர்ந்து வளரப்போகிற ஆட்களைத் தேடுங்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான்.

படிக்க ஒத்துக்கொண்டுவிட்டார் என்றால், முதல் பத்துப் பக்கம்தான் உங்கள் கதி. அது கொடுமையாகத் தெரியலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஐந்தாவது ஸ்கிரிப்டைத் திறக்கிற மனிதரை நினைத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் வீட்டின் ஜன்னல், திரைச்சீலை, சுவரில் இருக்கிற படம் என்று அரைப் பக்கம் வர்ணனை வந்தால் கண் தானாகத் தாவிவிடும். கேமராவை எங்கே வைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதாதீர்கள், அது இயக்குநர் வேலை. ஒரு பக்கம் சுமாராக ஒரு நிமிடப் படம் என்பது கணக்கு, அதனால்தான் உலகம் முழுக்க 90 முதல் 120 பக்கம் என்கிறார்கள். அந்தக் கணக்கு பொருந்த வேண்டும் என்றால் திரைக்கதைக்கென்று இருக்கிற வடிவத்தில்தான் எழுத வேண்டும். நீங்கள் 186 பக்கம் என்று சொல்லியிருந்தீர்கள். திறப்பதற்கு முன்னாலேயே படிக்கிறவர் களைத்துவிடுவார். அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

சில இடங்களில் படிக்க மாட்டார்கள், நேரில் வந்து கதை சொல்லுங்கள் என்பார்கள். அதற்கும் அந்த இரண்டு வாக்கியம்தான் தொடக்கம், பிறகு பத்து நிமிடத்தில் சொல்கிற வடிவம் ஒன்று, முழுதாகச் சொல்கிற வடிவம் ஒன்று, இரண்டையும் வாய்விட்டுப் பயிற்சி செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தப் படிவம். ரிலீஸ் ஃபார்ம் என்பார்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரே மாதிரி கதை நாலைந்து பேரிடமிருந்து வருவது சாதாரணம். நாளைக்கு அவர்கள் அந்த மாதிரி ஒரு படம் எடுத்தால், மற்றவர்கள் வழக்குப் போடுவார்கள். அந்தப் பயத்தில்தான் கேட்காமல் வந்ததைத் திறக்காமல் திருப்பி அனுப்புவதும், படிப்பதற்கு முன்னால் கையெழுத்து கேட்பதும். படிவம் கேட்டார்கள் என்றால் படிக்கத் தயாராக இருந்தார்கள் என்று அர்த்தம், அதை நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்லவில்லை. உரிமை முழுவதையும் அவர்களுக்கே எழுதிக்கொடுக்கிற மாதிரி ஒரு வரி இருந்தால் போடாதீர்கள், புரியவில்லை என்றால் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள். ஒரே மாதிரி இன்னொரு கதை எங்களிடம் ஏற்கெனவே இருக்கலாம் என்று மட்டும் சொல்கிற வரி வழக்கமானது.

திருட்டுப் பயம் பற்றி. பயம் நியாயமானது, நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சட்டம் எதைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அறிவுசார் சொத்துரிமை பற்றி நாடுகள் 1994ல் செய்துகொண்ட டிரிப்ஸ் ஒப்பந்தம் வெளிப்படையாகவே சொல்கிறது, பதிப்புரிமை என்பது எண்ணத்துக்கு இல்லை, அதை நீங்கள் வெளிப்படுத்திய விதத்துக்கு என்று. 'ஒரு மொழிபெயர்ப்பாளர் தன் தம்பிக்கு எதிரான சாட்சியத்தைக் கேட்கிறாள்' என்பது எண்ணம், அதற்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. அதை வைத்து நீங்கள் எழுதிய 110 பக்கம், காட்சிகள், வசனம், அது உங்களுடையது. பதிப்புரிமைக்கான சர்வதேச உடன்படிக்கையான பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் எழுதிய அந்த நொடியிலேயே உரிமை வந்துவிடுகிறது, பதிவு செய்தால்தான் உரிமை என்று இல்லை. ஆனாலும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள், எந்தத் தேதியில் உங்களிடம் இது இருந்தது என்பதற்குச் சான்று. அமெரிக்காவில் எழுத்தாளர் சங்கத்தின் மேற்குப் பிரிவில் பதிவு செய்தால் ஐந்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். தனக்குத் தானே தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைக்கிற பழக்கத்தை நம்பாதீர்கள், பதிவுக்கு அது ஈடாகாது. யாருக்கு, எந்தத் தேதியில், எந்தப் பிரதியை அனுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது அதைவிடப் பயன்படும்.

போட்டிகள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆஸ்கர் கொடுக்கிற அகாடமி 1986லிருந்து நடத்துகிற நிக்கோல் ஃபெலோஷிப் மாதிரி மதிப்புள்ளவை சில உண்டு. 2025லிருந்து அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது, பிளாக் லிஸ்ட் மாதிரி கூட்டாளி அமைப்புகள் வழியாகத்தான் போக வேண்டும். மற்றபடி ஒரு போட்டிக்குப் பணம் கட்டும் முன்னால், போன முறை ஜெயித்தவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கட்டாதீர்கள். முன்பணம் கொடுத்தால் உங்களுக்கு ஏஜெண்டாக இருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கான ஏஜெண்ட் நீங்கள் சம்பாதித்த பிறகு அதில் பங்கு எடுப்பவர்.

கடைசியாக, ஐந்து மாதமாகப் பதில் சொல்லாத அந்த இணை இயக்குநர். அவர் மேல் கோபம் வேண்டாம், பெரும்பாலும் படப்பிடிப்பில் மாட்டியிருப்பார், மறந்திருப்பார். பொதுவாக நாலைந்து வாரம் கழித்து ஒரு தடவை நினைவூட்டுவதில் தப்பே இல்லை. நான் தொடக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு இயக்குநர் படிக்கிறேன் என்று வாங்கிய இரண்டே வாரத்தில், 'அதை விட்டுவிடுங்கள், திருத்திய பிரதி இது' என்று இன்னொன்று அனுப்பினேன், பிறகு மூன்றாவதும் அனுப்பினேன். அவர் எதையும் படிக்கவில்லை. எது முடிந்த பிரதி என்று எனக்கே தெரியாதபோது அவர் ஏன் நேரம் கொடுக்க வேண்டும்? அதனால் முதலில் அந்த 186 பக்கத்தை 120க்குள் கொண்டுவாருங்கள், நம்பிக்கையான இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள், அவர்களுக்கு எங்கே சலித்தது என்று மட்டும் கேளுங்கள். அது முடிந்த பிறகு அவருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல்: 'ஐந்து மாதத்துக்கு முன் படிக்கிறேன் என்று சொல்லியிருந்தீர்கள். இப்போது திருத்தி 118 பக்கமாக்கியிருக்கிறேன். கதை இதுதான்' என்று அந்த இரண்டு வாக்கியம். 'நேரம் இருந்தால் முதல் பத்துப் பக்கம் மட்டும் பாருங்கள், பிடித்தால் மீதியை அனுப்புகிறேன்.' பத்துப் பக்கத்தை மட்டும் பிடிஎஃப் ஆக இணைத்து அனுப்புங்கள். அவர் ஏற்கெனவே சம்மதம் சொன்னவர், அதனால் இணைக்கலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் நோட்டில் அவர் பெயருக்கு எதிரே தேதியைக் குறித்துவிட்டு, அடுத்த பெயருக்கு எழுத உட்காருங்கள்.