பேதை உள்ளானும் நானும்

நேயர்களுக்கு வணக்கம்.

தை பிறந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமைக் குளங்களில் தண்ணீர் மெல்ல வற்றத் தொடங்கும் நேரம். கரையோரம் சேறு தலைகாட்டியதும், அதில் இரை தேடும் பறவைகளான உள்ளான்கள் இறங்கிவிடும். சைபீரியா வரை பரந்து கிடக்கும் வட நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி வந்த கூட்டம் அது.

இந்த இடத்தில் ஒரு சின்ன வழக்கைத் தீர்த்துவிடுகிறேன். கூந்தன்குளத்தில் வீட்டு மரங்களில்கூடக் கூடு கட்டும் மஞ்சள்மூக்கு நாரைகளைக் காட்டி, "வெளிநாட்டுப் பறவைகள் வந்து முட்டையிடுகின்றன" என்று ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். அவை நம் நாட்டுப் பறவைகள். அதே குளத்து நீரில் மிதக்கும் வரித்தலை வாத்துதான் இமயமலையைத் தாண்டி வந்த விருந்தாளி. அது இங்கே முட்டையிடுவதில்லை. தின்று கொழுத்து, வெயில் ஏறியதும் கிளம்பிவிடும்.

வாத்தை அடையாளம் காண்பது எளிது. தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள், வேலை முடிந்தது. உள்ளான்களிடம்தான் நம் பெருமையெல்லாம் சேற்றில் இறங்கும். புத்தகத்தில் முதலில் கண்ணில் படுவது அவற்றின் இனப்பெருக்கக் காலத்து வண்ணக்கோலம். இங்கே வருவதோ சாம்பலும் பழுப்புமான பயணச் சட்டையில். பங்குனி, சித்திரையில் புதுச்சட்டை மாற்றத் தொடங்கும்போது ஊருக்குப் புறப்பட்டுவிடுகின்றன. இதோடு எதிர்வெயிலும் கானலும் சேர்ந்துகொண்டால் தொலைநோக்கியில் தெரிவது ஆடும் புள்ளிகள்தான்.

ஆகவே நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. நடையைப் பார்க்க வேண்டும். ஓயாமல் பின்புறத்தை ஆட்டிக்கொண்டே கரையில் நடந்தால், மார்பின் வெள்ளை தோளுக்கு முன்னால் ஆப்பு வைத்ததுபோல் மேலேறியிருந்தால், அது சாதாரண உள்ளான். முதுகெல்லாம் பொரியைத் தூவியது போலிருந்தால் பொரி உள்ளான். கண்ணுக்கு மேலே வெள்ளைப் புருவமும் இருக்கும். கொசு உள்ளானுக்கும் டெம்மிங்க் கொசு உள்ளானுக்கும் கால்தான் சாட்சி: முன்னதற்குக் கறுப்பு, பின்னதற்கு மஞ்சள் கலந்த பச்சை. ஆனால் அந்தக் கால் சேற்றில் மூழ்கியிருக்கும்போது சாட்சி எங்கே போவது?

கால் நிறத்தை நம்பி நான் பட்ட அவமானத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பொங்கல் விடுமுறையில் பறவைகளைக் கணக்கெடுக்க ஒரு குளக்கரையில் நின்றிருந்தோம். ஆரஞ்சும் சிவப்புமான கால்களோடு ஒரு பறவை. கண்டதும் "பவளக்காலி" என்று அறிவித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பள்ளி மாணவன் குறிப்பேட்டில் எழுதவில்லை.

"சார், அலகு அடியில் சிவப்பாக இல்லையே? முதுகில் செதில் செதிலாக இருக்கிறதே?"

"வெயிலில் அப்படித்தான் தெரியும், எழுது" என்றேன்.

அந்த நேரம் பார்த்துப் பறவை எழுந்தது. பவளக்காலி பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். இதில் மெல்லிய கோடுதான் தெரிந்தது. வாலடியின் இருபுறமும் முட்டை வடிவில் வெள்ளை. சின்னத் தலை, நீண்ட கழுத்து, தொந்தி வயிறு. பேதை உள்ளான்! ஆண் பெரிது, பெண் சிறிது, கால் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும் பறவை. இரண்டையும் இரண்டு இனமாக எழுதிவைப்பவர்கள் உண்டு. பையன் மரியாதைக்குச் சிரிக்காமல் இருந்தான். அன்று அந்தக் கரையில் பேதை யார் என்று நேயர்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பெயரைச் சொல்லும் அவசரத்தில் பறவையைப் பார்க்க மறந்துவிடுகிறோம். இப்போதெல்லாம் என் பட்டியலில் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்ற வரி அடிக்கடி வருகிறது. வயல் வரப்பில் விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் காலடி வரை பதுங்கியிருந்து, கத்திக்கொண்டே எழுந்து பறந்துவிடும். இறக்கை விளிம்பில் வெள்ளை இருந்தால் விசிறிவால். ஊசிவாலுக்கு வாலோரச் சிறகுகள் ஊசிபோல் மெலிந்தவை. பறக்கும்போது அவற்றைப் பார்த்துவிட்டதாகச் சொல்பவரிடம் நான் வாதாடுவதில்லை. பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் இ-பேர்ட் போன்ற இணையதளங்களிலும் "இதுவோ அதுவோ" என்று பதிய இடம் வைத்திருக்கிறார்கள்.

குளத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் ஒரு விருந்தாளி உண்டு. பிளித் நாணல் கதிர்க்குருவி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தில் பணியாற்றிய எட்வர்டு பிளித்தின் பெயர் அதற்கு. பெயரில்தான் நாணல், இங்கே அது வாழ்வது வேலிப் புதரிலும் செம்பருத்திச் செடியிலும். பழுப்பு நிறம், அடையாளம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, வெளியே வரவும் வராது. ஆனால் நாக்கை மேலண்ணத்தில் தட்டுவது போல "ட்டக்... ட்டக்" என்று ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தை ஒருமுறை பிடித்துவிட்டால், சித்திரை வரை தெருவுக்கு ஒன்றாவது காதில் விழும்.

இன்று இந்த நிலையத்துக்குள் நுழையும்போது வாசல் பக்கத்துப் புதரில் அதே சத்தம் கேட்டது. ஒன்றா, இரண்டா என்று தெரியவில்லை. ஒலிப்பதிவு முடிந்ததும் அங்கே போய் நிற்கப் போகிறேன்.

வணக்கம்.