சுவரில் மாட்டிய அங்கீகாரம்

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி அட்மிஷன் ஆபீசில் 28 வருஷம் உட்கார்ந்தவன் நான். அதனால் எங்கே ஆரம்பித்தாலும் மார்க் ஷீட்டில்தான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் இட்லி மாவு விற்கிற அம்மா ஒருவர், "அண்ணா, பொண்ணுக்கு ஏர்ஹோஸ்டஸ் கோர்ஸ் பாத்திருக்கேன், பத்தாயிரம் அட்வான்ஸும் கட்டிட்டேன், ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். கட்டுவதற்கு முன்னால் கூப்பிட்டிருக்கலாம், சரி, போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, சுவர் முழுக்க விமானம். வாசல் போர்டில் 'அரசு அங்கீகாரம் பெற்றது'. எந்த அரசு, எதற்குக் கொடுத்தது என்று கேட்டதும் மேனேஜர் சுவரில் இருந்த ஒரு பிரேமைக் காட்டினார். கிட்டப் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கன்னடத்தை எழுத்துக் கூட்டிப் படித்தால், அது 1961-ம் வருஷத்துக் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டப்படி செய்த பதிவு! துணிக்கடைக்கும் அதே காகிதம்தான். "அம்மா, உங்க மாவுக் கடையைப் பதிஞ்சா நீங்களும் அரசு அங்கீகாரம் பெற்றவங்கதான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை, பத்தாயிரம் போயிருக்கிறதே.

பட்டத்துக்கு இந்தக் குழப்பம் இல்லை. 1956-ம் வருஷத்துப் பல்கலைக்கழக மானியக் குழு சட்டம், 22-வது பிரிவு. சட்டம் போட்டு உண்டாக்கிய பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம், இவைதான் பட்டம் கொடுக்கலாம். மீறினால் அந்தச் சட்டத்தில் அபராதம் எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 1,000 ரூபாய். இந்த ஊரில் ஹெல்மெட் இல்லாமல் ரெண்டு தரம் மாட்டினால் அதே தொகை.

ஆனால் 'டிப்ளமோ', 'சர்டிபிகேட்' என்று போட்டுக்கொண்டால் அந்தப் பிரிவு எட்டாது. பாலிடெக்னிக் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ, நர்சிங் என்றால் நர்சிங் கவுன்சில், இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல். அதனால் திரும்பவும் சொல்கிறேன், யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது, இந்த ரெண்டையும் கேளுங்கள்.

அப்புறம் ஒரிஜினல் சர்டிபிகேட். யார் கேட்டாலும் சரிபார்க்கக் காட்டுங்கள், கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கல்லூரிகள் அதைப் பிடித்து வைக்கக் கூடாது என்று மானியக் குழு 2018-லேயே அறிவித்துவிட்டது. அதற்கு முன்னால் பிள்ளைகளின் ஒரிஜினலை நாங்கள் பீரோவில் பூட்டி வைத்தோம். மொத்த ஃபீசையும் கட்டினால்தான் டிசி. அந்தச் சாவி என் இடுப்பில் இருந்தது. வேலைக்குச் சேர மார்க் ஷீட் கேட்டு ஒரு பையன் மூன்று நாள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான், நான் கொடுக்கவில்லை. இந்த விஷயத்தை இவ்வளவு பேசுவது அதனால்தான்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிஷம்தான். ஃபீஸ் திரும்ப வாங்குவது பற்றி வேகமாகச் சொல்கிறேன். அதே 2018 அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், அதிகபட்சம் ஐந்து சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகாமல் பிடித்துக்கொண்டு மீதிக் கட்டணம் முழுசும் வரும், அந்தத் தேதி தாண்டி 30 நாள் ஆனால் ஒன்றும் வராது. இதெல்லாம் கல்லூரிக்குத்தான், அந்த விமானப் படக் கடைக்கு இல்லை. மாவு அம்மாவின் பத்தாயிரம் இன்னும் வரவில்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியாகிவிட்டது, திங்கட்கிழமை ரெண்டு பேருமாகப் போகிறோம். வணக்கம்.