அளவுகோலும் கண்ணும்

நேயர்களுக்கு வணக்கம். இந்த உரை உங்களை வந்தடைவதற்கு முன், ஒலிப்பதிவுக் கூடத்தில் அதன்மீது ஒரு சிறு வேலை நடந்திருக்கும். நான் தடுமாறிய சொற்களையும் இடையில் வந்த இருமலையும் தொகுப்பாளர் வெட்டி எடுத்திருப்பார். வெட்டிய இடங்களை வெறுமையாக விடாமல், யாரும் பேசாதபோது இந்த அறையில் நிலவும் மெல்லிய இரைச்சலைத் தனியே பதிவு செய்து, அதில் ஒரு துண்டை எடுத்து அங்கே நிரப்பியிருப்பார். ஒவ்வோர் அறையின் அமைதிக்கும் தனி ஒலி உண்டு. அது அரை நொடி முற்றிலும் அற்றுப்போனால், என்ன நேர்ந்தது என்று நமக்குச் சொல்லத் தெரியாவிட்டாலும், பேச்சில் எங்கோ ஒட்டுப்போட்டிருப்பதைக் காது கண்டுகொள்கிறது. ஒருவரும் கவனிக்கப் போகாத ஒன்றுக்காக ஒருவர் இவ்வளவு மெனக்கெடுவது ஏன் என்பதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

நான் எழுத்துரு வரைபவன். தொழிலுக்கு வந்த புதிதில், மேலும் கீழும் இரண்டு கோடுகள் இழுத்து, எல்லா எழுத்துகளும் அவற்றைச் சரியாகத் தொடும்படி மயிரிழை பிசகாமல் வரைந்து, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரிடம் பெருமையோடு காட்டினேன். அவர் தாளை ஒரு கை தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, லகரம் ஏன் பகரத்தைவிடக் குட்டையாக இருக்கிறது என்று கேட்டார். அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே உயரம். ஆனால் அவர் சொன்னது சரி. பகரத்தின் தட்டையான அடி கோட்டின்மேல் முழு அகலத்துக்கும் படிகிறது. லகரத்தின் வளைந்த அடியோ ஒரு புள்ளியில் மட்டுமே கோட்டைத் தொட்டுவிட்டு மேலேறிவிடுவதால், கண்ணுக்கு அது அந்தரத்தில் நிற்பதாகவே படுகிறது. எனவே வளைவுள்ள எழுத்தை, அதன் உயரத்தில் நூற்றுக்கு ஓரிரு பங்கு அளவுக்கு, கோட்டைத் தாண்டி இறக்கி வரைந்தால்தான் இரண்டும் சமமாகத் தெரியும். படுக்கைக் கோட்டை நிலைக்கோட்டைவிடச் சற்று மெலிதாக வரைந்தால்தான் இரண்டும் ஒரே தடிமனாகத் தோன்றும் என்பதும் இதே வகையைச் சேர்ந்தது. கையருகே அச்சிட்ட தாள் ஏதேனும் இருந்தால் 8 என்னும் எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள்; இரண்டு வட்டங்களும் சமம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தது எவ்வளவு தவறு என்று தெரியும்.

கணக்கில் சரியாக இருப்பது புலனுக்குச் சரியாக இருப்பதில்லை. நுணுக்கம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்கும் வேலைதான் என்பது என் எண்ணம். வேலையெல்லாம் முடிந்தபின் மேலே தூவும் அலங்காரமாக அதை நினைப்பதால்தான், நேரம் போதாதபோது முதலில் அதைக் கைவிடுகிறோம்.

காதுக்கும் இதே கதைதான். ஒரு ஸ்தாயிக்கு மேலுள்ள ஸ்தாயியின் அதிர்வெண் சரியாக இரண்டு மடங்கு என்பது பாடநூல் கணக்கு. ஆனால் பியானோவின் எஃகுக் கம்பிகள் விறைப்பானவை என்பதால், அவற்றிலிருந்து எழும் மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தே மெலிதாகக் கேட்கும் உயர்ந்த ஒலிகள், கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடச் சற்று உயர்ந்தே ஒலிக்கின்றன. ஆகவே அவற்றோடு இசையும்படி சுருதி சேர்ப்பவர் மேல் ஸ்தாயிகளைக் கணக்கைவிடச் சிறிது ஏற்றியும், கீழ் ஸ்தாயிகளைச் சிறிது இறக்கியும் வைக்கிறார். கணக்கை அப்படியே பின்பற்றினால் பியானோ சுருதி விலகியதுபோல் கேட்கும்.

புலன்கள் மட்டுமல்ல, பொருள்களும் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்டு டி, தன் தொலைபேசி விவரப் புத்தகங்களுக்காக மேத்யூ கார்ட்டர் என்னும் வடிவமைப்பாளரைக் கொண்டு 1978இல் பெல் சென்டெனியல் என்னும் எழுத்துருவை உருவாக்கியது. பொடி எழுத்து, மலிவான தாள், விரைந்தோடும் அச்சு இயந்திரம். இந்த மூன்றும் சேர்ந்தால் மை கசிந்து எழுத்தின் மூலைகளை அடைத்துவிடும். அதனால் கார்ட்டர் கோடுகள் கூடும் இடங்களில் ஆழமான வெட்டுகளை விட்டு வரைந்தார். பெரிதாக்கிப் பார்த்தால் அந்த எழுத்துகளை எலி கடித்துப்போட்டதுபோல் தோன்றும். அச்சில் அந்த வெட்டுகளை மை வந்து நிரப்ப, எழுத்து தெளிவாக அமைந்துவிடும். மையின் குணத்தை மாற்ற முடியாது என்று தெரிந்தபின் அதையே கூட்டாளியாக்கிக்கொண்ட இந்த வேலையை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பொறாமையாக இருக்கும்.

தச்சர்களுக்கு இது புதிய பாடமல்ல. மரப்பலகை ஈரத்தில் அகலவாட்டில் உப்பும், வறட்சியில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக மாறாது. அதனால் கதவுச் சட்டத்தில் வெட்டிய காடி என்னும் பள்ளத்துக்குள் பலகையைப் பசை போடாமல், சற்று இடம் விட்டுப் பொருத்துகிறார்கள். இடைவெளியே கூடாது என்று இறுக்கி ஒட்டியவரின் கதவு வெடித்துப் பிளக்கும். வயலினின் விளிம்பையொட்டி ஓடும் மெல்லிய கறுப்புக் கோடும் அழகுக்கு மட்டும் அன்று. சிறு பள்ளம் வெட்டி அதில் மெல்லிய மரக்கீற்றுகளைப் பதித்து அதை அமைக்கிறார்கள். விளிம்பில் அடிபட்டு விழும் விரிசல் உள்ளே பரவாமல் அந்தக் கோட்டோடு நின்றுவிடுகிறது. மலிவான வாத்தியங்களில் அந்தக் கோட்டை வெறும் சாயத்தால் இழுத்துவிடுவதும் உண்டு. தோற்றம் ஒன்றுதான். வாத்தியம் கீழே விழும் நாளில்தான் வித்தியாசம் தெரியவரும்.

ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயிலைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுபெறாது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த அந்தக் கட்டடத்தின் மேடை ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுடையது. அதன் நடுப்பகுதி முனைகளைவிடச் சுமார் 11 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. தட்டையாகக் கட்டினால் நடுவில் குழிந்ததுபோல் கண்ணுக்குத் தோன்றும் என்று ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இத்தகைய வளைவுக்குக் காரணம் சொன்னார். மழைநீர் வடிவதற்காக என்பாரும் உண்டு. காரணம் எதுவானாலும், அந்தச் சிறு வளைவுக்காகக் கற்களைத் தனித்தனியே இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தது.

அதற்காகச் சிறியவை எல்லாம் நுணுக்கம் ஆகிவிடா. செய்பவரின் ஆசைக்காக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு வேலைகளும் உண்டு. நானும் அப்படிப் பல இரவுகளை வீணடித்திருக்கிறேன். இப்போது நான் நம்புவது ஒரே சோதனையை. அந்த ஒன்றை எடுத்துவிட்டு, விவரம் அறியாத ஒருவரிடம் முழுப் பக்கத்தையும் படிக்கக் கொடுக்கிறேன். அவர் எங்கும் தயங்காமல் படித்துவிட்டால் அது தேவையில்லாத வேலை. ஓரிடத்தில் கண் தடுக்கினால், ஏன் என்று அவருக்கே தெரியாவிட்டாலும், அதை மறுபடி சேர்த்துவிடுகிறேன்.

இப்போது வரைந்துகொண்டிருக்கும் எழுத்துருவில் ழு மட்டும் இன்னும் பிடிகொடுக்கவில்லை. எழுத்து என்னும் சொல்லிலேயே அது வந்து உட்கார்ந்துகொள்கிறது. பெரிய அளவில் நன்றாகத்தான் இருக்கிறது. சிறிய அளவில் அச்சிட்டால் கீழ்ச்சுழியின் உட்புறம் அடைத்துக்கொண்டு ஒரு கரும்புள்ளியாகிவிடுகிறது. நேற்று அந்தச் சுழியை ஓர் இழை அகற்றியிருக்கிறேன். நாளைக் காலை அச்செடுத்துப் பார்க்க வேண்டும். நன்றி, வணக்கம்.