ஒன்பது பேருக்கு ஒரு மூட்டை யூரியா

(அடையாறில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் மாலை வணக்கம்.

படியேறி வரும்போது ஒரு பெரியவர், "இன்னிக்கு எதைப் பத்திம்மா பேசப் போறே?" என்று கேட்டார். "மூத்திரத்தைப் பத்திங்கய்யா" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க அப்பா தொழுவத்துக்குப் பின்னால குழி வெட்டி மாட்டு மூத்திரத்தைப் பிடிச்சு, தென்னைக்கு ஊத்துவாரு" என்றார். என் பேச்சில் பாதியை அவரே பேசிவிட்டார். மீதியை நான் பேசுகிறேன்.

என் கையில் இருப்பது ஒரு பி.வி.சி. எல்போ, குழாய் வளையும் இடத்தில் போடும் துண்டு. ஓர் அலுவலகத்தின் ஆண்கள் கழிப்பறையில் குழாய் அடைத்துக்கொண்டபோது பிளம்பர் அறுத்து எடுத்தது. இரண்டு விரல் நுழைய வேண்டிய குழாயில் இப்போது பென்சில்தான் நுழையும். உள்ளே சுற்றிலும் வெள்ளையும் பழுப்புமாகக் கல் மாதிரி ஒரு படிவு. நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்கிறது. பிளம்பர் இதை "உப்பு" என்கிறார். ஆசிட் ஊற்றிக் கரைத்துச் சாக்கடையில் தள்ளுவது வழக்கம்.

இந்த உப்பில் பெரும்பங்கு ஸ்ட்ரூவைட். சிறுநீர் தேங்கினால் நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும். காரத்தன்மை ஏறும். அப்போது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படிகமாகிப் படியும். விவசாயி பாஷையில் சொன்னால் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சேர்ந்த உரம். ஒருவரும் தயாரிக்காமலே நம் கழிப்பறைக் குழாயில் உரம் விளைந்துகொண்டிருக்கிறது.

இதில் புதுமை எதுவும் இல்லை. பாஸ்பரஸ் என்ற தனிமத்தையே 1669-ல் ஹாம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சித்தான் கண்டுபிடித்தார். தங்கம் கிடைக்கும் என்று காய்ச்சினார். இருட்டில் ஒளிரும் பாஸ்பரஸ் கிடைத்தது. கூட்டுறவு சங்க வாசலில் விவசாயி வரிசையில் நின்று வாங்குகிறாரே யூரியா, அந்தப் பெயரும் சிறுநீரிலிருந்து வந்ததுதான்.

கணக்குக்கு வருகிறேன். நம் நாட்டுச் சாப்பாடு சாப்பிடும் ஒருவரின் சிறுநீரில் ஆண்டுக்கு இரண்டேகால் கிலோவுக்குச் சற்று மேல் நைட்ரஜன் போகிறது. இறைச்சியும் பாலும் அதிகம் சாப்பிடும் ஸ்வீடனில் இது நான்கு கிலோ. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம். அப்படியானால் நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஐந்து கிலோ யூரியாவுக்குச் சமம். ஒரு மூட்டை 45 கிலோ, ஆக ஒன்பது பேருக்கு ஒரு மூட்டை. உங்கள் அபார்ட்மென்டில் ஒரு தளத்தில் எதிரெதிரே இருக்கும் இரண்டு மூன்று வீடுகளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அதற்கே ஏழு லட்சம் மூட்டைக்கு மேல் வரும்.

அந்த மூட்டைகள் எங்கே போகின்றன? கொடுங்கையூரைப் பாருங்கள். வடசென்னைச் சாக்கடை அங்கே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. பக்கத்திலேயே மணலி. அங்கே மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் ஆலை, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியா ஆக்கி, யூரியா தயாரிக்கிறது. அந்த ஹைட்ரஜனுக்கு மூலப்பொருள் முன்பு நாப்தா என்ற பெட்ரோலியத் திரவம், 2019 முதல் எரிவாயு. அந்த ஆலை பல ஆண்டுகளாகச் சென்னைக் குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டரிடம் கழிவுநீரை வாங்கி, சுத்திகரித்துப் பயன்படுத்துகிறது. நல்ல காரியம், ஊருக்குக் குடிநீர் மிச்சமாகிறது. ஆனால் சாக்கடையிலிருந்து தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதே சாக்கடையில் கரைந்திருக்கும் யூரியா சத்தை விட்டுவிட்டு, வெளிநாட்டு எரிவாயுவைக் கொண்டு காற்றிலிருந்து புதிதாக எடுக்கிறோம். சத்தை நீக்கும் நவீன சுத்திகரிப்பு நிலையங்களோ, மின்சாரம் செலவழித்து அதே நைட்ரஜனைத் திரும்பக் காற்றுக்கே அனுப்புகின்றன. இதை முதன்முதலில் வரைபடமாகப் போட்டுப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுத்திகரிப்பில் நீங்காததும், சுத்திகரிக்காமலே போவதும் கூவத்துக்கும் அடையாறுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் வருகின்றன. ஆற்றை மூடிக்கிடக்கும் ஆகாயத் தாமரையை ஒவ்வொரு மழைக்கு முன்னும் இயந்திரம் வைத்து அள்ளுகிறார்கள். அது அப்படிச் செழிப்பது நம் உரத்தால்தான். வயலில் இறங்க வேண்டிய மேலுரம் ஆற்றில் இறங்கியிருக்கிறது.

2019 கோடை நினைவிருக்கிறதா? தெரு முனையில் வண்ண வண்ணக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருந்தோம். அப்படித் தூக்கிவந்த தண்ணீரில் அரைக் குடத்தை, கால் லிட்டர் சிறுநீரைத் தள்ளுவதற்காக ஊற்றினோம்.

சிக்கல் முழுக்கக் கலப்பதில் இருக்கிறது. ஆரோக்கியமான உடலிலிருந்து வரும் சிறுநீரில் நோய்க்கிருமி மிகக் குறைவு, சத்து மிக அதிகம். மலத்தில் கிருமி அதிகம், நைட்ரஜன் கொஞ்சம்தான். இரண்டையும் கலந்து, அதில் குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் சேர்த்துவிட்டால், பிறகு எந்த ஆலையாலும் மலிவாகப் பிரிக்க முடியாது. பிறக்கும் இடத்திலேயே பிரிப்பதுதான் உலகெங்கும் இந்த ஆராய்ச்சியின் மையம்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. முசிறியில், காவிரிக் கரையில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். குழிக் கழிப்பறை வெட்டினால் கிணறு கெடும். அங்கே ஸ்கோப் என்ற தொண்டு நிறுவனத்தின் சுப்புராமன், சிறுநீரும் மலமும் தனித்தனியே இறங்கும் கழிப்பறைகளைக் கட்டினார். மலம் விழும் அறையில் ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவ வேண்டும். அறை நிரம்பியதும் மூடி, பல மாதம் மக்க விட வேண்டும். அங்கிருந்த பொதுக் கழிப்பறையில், பயன்படுத்துவோருக்கு முறைக்குப் பத்துப் பைசா கொடுத்தார்கள். நாம் பேருந்து நிலையத்தில் காசு கொடுத்துப் போகிறோம். முசிறியில் போனவருக்குக் காசு. சிறுநீருக்கு ஒரு விலை உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. 2021-ல் சுப்புராமனுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

சிறுநீரைப் பதப்படுத்துவதும் எளிது. மூடிய தொட்டியில் ஆறு மாதம் வைத்தால் அதில் உருவாகும் அம்மோனியாவே கிருமிகளைக் கொன்றுவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டுதல் இதை ஏற்கிறது. அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே இடுவதை நிறுத்த வேண்டும் என்கிறது. மூடி முக்கியம். திறந்து வைத்தால் அம்மோனியா பறந்துவிடும், நாற்றம் மட்டும் நமக்கு மிஞ்சும். திரவமாக வேண்டாம், பொடியாக வேண்டும் என்றால், மக்னீசியம் சேர்த்தால் போதும்; குழாயில் தானாக நடந்தது தொட்டியில் நாம் சொன்னபடி நடக்கும். மக்னீசியத்துக்கு எங்கும் அலைய வேண்டாம். கேளம்பாக்கம், மரக்காணம் உப்பளங்களில் உப்பு எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் அது நிறைய இருக்கிறது. ஆனால் இந்த வழியில் மணிச்சத்துதான் பெரும்பாலும் மீளும், தழைச்சத்தில் சிறுபங்குதான் வரும். அதையும் பிடிக்க வேண்டுமென்றால் நுண்ணுயிர் கொண்டு அம்மோனியா பறக்காதபடி நிலைப்படுத்தி, நீரை ஆவியாக்கிச் சுருக்க வேண்டும். சுவிட்சர்லாந்தில் அப்படிச் செய்த 'ஆரின்' என்ற திரவ உரத்துக்கு 2018-ல் எல்லாப் பயிருக்கும் அரசு அனுமதி கிடைத்தது. மருந்து எச்சங்களை நீக்க அவர்கள் கரி வடிகட்டி வைக்கிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடாத வீடு குறைந்துவிட்ட நம் ஊரில் அந்த வடிகட்டியை விட்டுவிடக் கூடாது.

இப்போது நான் சொல்லப்போவதைச் சொல்லாமல் இந்தத் துறையில் யாரும் மேடை ஏறக் கூடாது என்று நினைக்கிறேன். நம் ஊரில் மலத்தைக் கையால் அள்ள ஒரு சில சாதியினரைப் பிறப்பாலேயே கட்டிப்போட்டிருந்தோம். அதைத் தடைசெய்து 1993-லும் 2013-லும் சட்டம் வந்தது. அதன் பிறகும் செப்டிக் டேங்கிலும் மேன்ஹோலிலும் விஷவாயுவில் ஆட்கள் செத்தார்கள். சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சொல்ல வேண்டியிருந்தது என்றால், சாவு நிற்கவில்லை என்று அர்த்தம். கழிவிலிருந்து உரம் எடுக்கும் எந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி, "தொட்டியை யார் காலி பண்ணுவது?" என்பதுதான். அதே தெருவைச் சேர்ந்த அதே ஆள், கையில் வாளியோடு என்றால், எத்தனை மூட்டை உரம் வந்தாலும் எனக்கு அது வேண்டாம். குழாய், பம்ப், மூடிய தொட்டி. ஆள் இறங்கும் அளவுக்கு வாய் உள்ள தொட்டியே கட்டக் கூடாது. வேலைக்கு வருபவருக்கு நிரந்தரச் சம்பளமும், எந்தச் சாதியிலிருந்தும் ஆள் வரும் அளவுக்கு மதிப்பும் வேண்டும்.

சென்னையில் எங்கே தொடங்கலாம்? பழைய வீடுகளின் தரையை உடைக்கச் சொல்ல மாட்டேன். பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் இன்னும் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ஆயிரம் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகத்தில், ஆண்கள் பகுதிச் சிறுநீர்க் கோப்பைகளிலும் பெண்கள் பகுதியில் சிறுநீரைத் தனியே பிரிக்கும் கழிப்பறைக் கோப்பைகளிலும் இருந்து ஒரு தனிக் குழாய், கீழே ஒரு தொட்டி. ஒரு நாள் சிறுநீரில் பாதிதான் அங்கே கழிக்கிறார்கள் என்றாலும், ஐந்து நாள் வேலை வாரத்துக்கு முக்கால் மூட்டை யூரியாவுக்கான சத்து சேரும். கட்டும்போதே போட்டால் அது ஒரு குழாய்ச் செலவு. கட்டி முடித்தபின் போடுவது என்றால் யாரும் போட மாட்டார்கள். ஆகவே கட்டட அனுமதி விதியிலேயே இது வர வேண்டும். நம் ஊரில் மழைநீர் சேகரிப்பும் விதியாக வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு வந்தது.

எடுத்த உரம் செங்கல்பட்டுத் தென்னைக்கும் திருவள்ளூர்ப் பூந்தோட்டத்துக்கும் முதலில் போகட்டும். கீரைக்கு வேண்டாம், சாப்பிடுகிறவர் மனம் பழக நாளாகும், அதை நாம் மதிக்க வேண்டும். சிறுநீரில் உப்பும் இருப்பதால் மண்ணையும் அவ்வப்போது சோதிக்க வேண்டும்.

இந்த எல்போவை முன் வரிசையிலிருந்து அனுப்புகிறேன். காய்ந்துவிட்டது, நாற்றம் இல்லை. பின்வரிசை வரை போய்த் திரும்பி வரட்டும். அதற்குள் உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.